நகக்கண் எதுவரை? வீட்டிலேயே நாய்க்கு நகம் வெட்டப் பழகுவது

பள்ளத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடு. முன்கட்டில் ஆச்சி தனியாக இருக்கிறார். ஒருநாள் காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தவர் கேட்டார்: "என்ன தம்பி, ராத்திரி பூரா யாரோ கம்பு ஊன்டி நடக்குற மாதிரிச் சத்தம் கேக்குது. தூக்கம் வரலையா ஒனக்கு?"

நடந்தது நான் இல்லை, வைரன். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று வைரவன்பட்டியில் இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்தில் கிடைத்த குட்டி என்பதால் அந்தப் பெயர். வைரவருக்கு வாகனமே நாய்தான், பொருத்தமாகவும் போயிற்று. கறுப்பு நாட்டு நாய். நகமும் கறுப்பு. அது வளவை, அதாவது வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றத்தை, சுற்றி வரும்போது எழுந்த டக், டக் சத்தம்தான் ஆச்சியை எழுப்பியிருக்கிறது.

அந்தச் சத்தத்தைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. நாய் நடக்கும்போது தரையில் பட வேண்டியது அதன் பஞ்சுப் பாதம். நகம் கல்லில் தட்டும் சத்தம் தொடர்ந்து கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் நாயைச் சமதரையில் நிற்கவைத்து, நகத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் சரியான நீளம். முட்டி நின்றால் வெட்டும் காலம் வந்துவிட்டது.

நாய் நம்மைப் போல உள்ளங்காலை முழுக்க ஊன்றி நடப்பதில்லை, விரல்களில் நடக்கிறது. நகம் நீண்டு தரையை முட்டினால், ஒவ்வொரு அடியிலும் தரை அந்த விரலை மேல்நோக்கித் தள்ளும். விரல்கள் அகன்றுபோகும். வலிக்காமல் இருக்க நாய் எடையைப் பின்னால் சாய்த்து நிற்கப் பழகிக்கொள்ளும். இளம் நாய் சமாளித்துவிடும். மூட்டு தேய்ந்த வயசான நாய்க்கு இதுவே பெரிய பாரம்.

"எங்க தாத்தா காலத்துல நாய்க்கு யாரு நகம் வெட்டினா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த நாய்கள் செம்மண்ணிலும் சரளையிலும் நாளெல்லாம் ஓடின, நகம் தானாகத் தேய்ந்தது. இன்றைக்கு நாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட வீடு! தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு வார்த்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் படிந்திருந்த முகம்தான் நம் தரையின் மேல்பக்கம். அதனால்தான் அத்தனை வழுவழுப்பு. அதில் பத்து வருஷம் நடந்தாலும் நாயின் நகம் தேயாது. போதாததற்கு வழுக்கும். வழுக்குகிறதே என்று நகத்தை ஊன்றிப் பிடிக்கப் பார்க்கும், நீண்ட நகமோ பாதத்தைத் தரையில் படியவிடாது, இன்னும் வழுக்கும். நகம் வேகமாக வளர்கிறது என்று நாம் நினைப்பதில் பாதி, உண்மையில் நகம் தேயாமல் இருப்பதுதான். குட்டிகளுக்கு மட்டும் நிஜமாகவே வேகமாக வளரும்.

உள்ளே இருப்பது என்ன

"நகமும் சதையும் போல" என்று சொல்வோம் அல்லவா, நாயின் நகத்தைப் புரிந்துகொள்ள அந்த ஒரு சொலவடை போதும். நம் நகம் விரலின் மேல் ஒட்டிய ஒரு தகடு. நாயின் நகம் அப்படி இல்லை. விரலின் கடைசி எலும்பைச் சுற்றிப் போர்த்திய ஒரு கொம்பு உறை. உறைக்கு உள்ளே, எலும்பிலிருந்து நகத்தின் முக்கால் தூரம் வரைக்கும்கூட, ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த சதை ஓடும். அதுதான் நகக்கண். அதைத் தாண்டி நீளும் நுனி உயிரில்லாத வெறும் கெரட்டின், நம் தலைமுடியில் இருக்கும் அதே பொருள். நுனியை வெட்டினால் நாய்க்கு ஒன்றும் தெரியாது. நகக்கண்ணில் வெட்டு பட்டால் ரத்தம் வரும், உயிர் போகிற வலியும் இருக்கும். நகக்கண்ணில் ஊசி ஏற்றுவதை ஒரு சித்திரவதையாகவே நம் ஆட்கள் சொல்லிவைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நகம் வெட்டுவது என்பது, நகக்கண் எதுவரை வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்வது. மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

நகக்கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நகத்தை வளரவிட்டால் அதுவும் பின்னாலேயே நீண்டு வரும். ஆறு மாதம் வெட்டாமல் விட்ட நகத்தை ஒரே நாளில் பழைய நீளத்துக்குக் கொண்டுவர முடியாமல் போவது இதனால்தான். அதே சமயம், வாரம் ஒருமுறை 1 மில்லிமீட்டர் அளவு நுனியைச் சீவிக்கொண்டே வந்தால் நகக்கண் மெல்லப் பின்வாங்கும். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். ரொம்ப நீண்ட நகமாக இருந்தால் சில மாதங்கள் ஆகும். மாதம் ஒருநாள் வீட்டையே கலவரமாக்கி ஒட்ட வெட்டுவதைவிட, ஞாயிற்றுக்கிழமைதோறும் துளித்துளியாகச் சீவுவது நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது. வைரனின் டக், டக் அடங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

வெள்ளை நகம், கறுப்பு நகம்

வெளிர் நகமுள்ள நாய் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பகல் வெளிச்சத்தில் பாதத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே ரோஜா நிறத்தில் நகக்கண் தெரியும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் வெட்டினால் வேலை முடிந்தது. நம் வீடுகளின் நடுவில் வானம் பார்த்த வளவு இருப்பது இதற்கு ரொம்ப வசதி, காலை 10 மணி வெளிச்சம் வேறெங்கும் கிடைக்காது. அடுக்குமாடி வீடு என்றால் ஜன்னலோரம் உட்காருங்கள், அல்லது ஒருவர் செல்போன் டார்ச்சை நகத்தின் பின்னாலிருந்து காட்டட்டும்.

கறுப்பு நகத்தில் இது ஒன்றும் நடக்காது. டார்ச் அடித்தாலும் கரிக்கட்டை மாதிரிதான் தெரியும். அங்கே வழி வேறு.

முதலில் நகத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். அடியில் பருத்து, ஓரிடத்தில் சட்டென ஒடுங்கி, கொக்கி மாதிரி வளையும். அந்தக் கொக்கிதான் பெரும்பாலும் வெட்டக்கூடிய பகுதி. அடுத்து பாதத்தைத் திருப்பி நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனியில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒரு குழி ஓடும். மேலே போகப்போகக் குழி மூடி, நகம் கெட்டியாகும். குழி இருக்கிற வரை ஆபத்து குறைவு. கெட்டியாகும் இடத்துக்குப் பக்கத்தில் நகக்கண் இருக்கிறது.

அப்புறம் சீவுவது. வெள்ளரிக்காயை வட்டவட்டமாக நறுக்குவது போல, ஒவ்வொரு தடவையும் மெல்லிய வில்லை மட்டும். ஒரு வில்லை வெட்டியதும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் காய்ந்து, சுண்ணாம்பு படிந்த மாதிரி வெளுப்பாக, பொருபொருவென்று இருக்கும். தாராளமாக இன்னொரு வில்லை எடுக்கலாம். கொஞ்சம் உள்ளே போனதும் நடுவில் ஒரு புள்ளி தோன்றும். சுற்றியிருப்பதைவிடக் கருத்து, அல்லது சாம்பல் நிறத்தில், சற்று ஈரப்பசையோடு மினுங்கும். அந்தப் புள்ளியைக் கண்டால் நகவெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்த வில்லை ரத்தம்தான். "இன்னும் கொஞ்சம்தானே" என்று தோன்றும், எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

வைரனின் இடது முன்னங்காலில் மட்டும் ஒரு நகம் வெளிர் நிறம். முதலில் அதைத்தான் வெட்டுவேன். மற்ற நகங்களில் நகக்கண் ஏறக்குறைய எங்கே இருக்கும் என்று அது ஒரு கணக்குச் சொல்லும். உங்கள் நாயின் 18 நகங்களில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். காலுக்கு நான்காக 16, முன்னங்கால்களின் உட்பக்கத்தில் கொஞ்சம் உயரத்தில் காலுக்கொரு கட்டைவிரல், ஆக 18. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் கட்டைவிரல் உண்டு.

அந்தக் கட்டைவிரல் நகத்தை யாரும் கவனிப்பதில்லை. அது தரையில் படாது, அதனால் சத்தமும் வராது, நாள் முழுக்கக் காட்டில் ஓடினாலும் தேயாது. சடை வளர்ந்த நாயில் கண்ணுக்கே தெரியாது. வளைந்து வளைந்து, கடைசியில் தன் சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். அப்படி இறங்கிவிட்டதைக் கண்டால் வீட்டில் பிடுங்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் போங்கள். அந்த நிலைக்குப் போகவிடாமல் இருக்க, வெட்டத் தொடங்குவதே கட்டைவிரலில் தொடங்குங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாய் பொறுமை இழந்து எழுந்து போயிருக்கும்.

கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாய்க்கென்றே விற்கும், இடுக்கி போன்ற நகவெட்டி பெரும்பாலான நாய்களுக்குச் சரி. துவாரத்தில் நகத்தை நுழைத்து வெட்டும் வகையும் உண்டு, அது சின்ன நாய்களுக்கு. நாம் பயன்படுத்தும் நகவெட்டி தட்டையான நகத்துக்கானது. உருண்டையான நாய் நகத்தை அது நசுக்கிப் பிளந்துவிடும். பால்குடி மறந்த குட்டிகளுக்கு வேண்டுமானால் போதும். எதுவானாலும் முனை கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தி வெட்டுவதற்கு முன் நகத்தைப் பிடித்து நெரிக்கும். ரத்தம் வராத நாளில்கூட நாய் கத்துகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பிடிப்பதா, பழக்குவதா

முதல் தடவை நானும் தம்பியும் சேர்ந்து வைரனை அமுக்கிப் பிடித்தோம். ஒருவன் தலையை, ஒருவன் காலை. அது போட்ட கூச்சலில் ஆச்சி முன்கட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். "வைரவர் வாகனத்தைப் போட்டு இப்புடி அமுக்குறீகளே, கை வெளங்குமா?" என்று திட்டினார். அன்றைக்கு ஒரு நகம்கூட ஒழுங்காக வெட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம், நகவெட்டியைக் கையில் எடுத்தாலே வைரன் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆச்சி சொன்ன காரணம் வேறாக இருந்தாலும் விஷயம் சரிதான். அமுக்கிப் பிடித்தால் அந்த ஒரு தடவை வெட்டிவிடலாம், அடுத்த தடவைக்கு வழி இருக்காது.

முதல் சில நாட்கள் நகவெட்டியே வேண்டாம். நாய் அசந்து படுத்திருக்கும்போது பாதத்தைத் தொட்டுவிட்டு ஏதாவது தின்னக் கொடுங்கள். மறுநாள் பாதத்தைக் கையில் ஏந்துங்கள், விரலை லேசாக அழுத்தி நகத்தை வெளியே தள்ளிப் பாருங்கள். பிறகு நகவெட்டியைப் பக்கத்தில் வையுங்கள், மோந்து பார்க்கட்டும். அதன் பிறகு சத்தம். பல நாய்கள் மிரள்வது அந்த 'டிக்' சத்தத்துக்குத்தான். விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சி உருவி, பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து நகவெட்டியால் நறுக்குங்கள். ஒரு நறுக்கு, ஒரு தீனி. இரண்டு மூன்று நாளில் அந்தச் சத்தம் கேட்டாலே வாலாட்டி வரும். அப்போது ஒரே ஒரு நகம் வெட்டுங்கள். ஒன்றோடு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகம் என்றாலும் 18 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், யாரும் துரத்தவில்லை.

தீனி என்றதும் நம் வீட்டுக் கோழி வறுவலில் ஒரு துண்டு எடுத்துப் போடாதீர்கள். காரம் ஒருபக்கம் இருக்கட்டும், நம் சமையலுக்கு உயிரான சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. பூண்டும் அதே வகை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியை நகத்தளவு கிள்ளிக் கொடுத்தால் போதும். வேகவைத்த முட்டையும் நல்லது.

வெட்டும்போது நாய் எப்படி இருக்கிறது என்பதைவிட, கால் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். நாயின் கால் முன்னும் பின்னும்தான் வசதியாக மடங்கும். பக்கவாட்டில் இழுத்தால் தோளும் இடுப்பும் வலிக்கும். நாய் காலைப் பிடுங்கிக்கொள்வதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். குதிரைக்கு லாடம் அடிப்பவர் காலைப் பின்பக்கமாக மடித்துப் பிடிப்பாரே, அதே மாதிரி முன்னங்காலைப் பின்பக்கம் மடித்தால் நகத்தின் அடிப்பக்கம் நேராக உங்கள் கண்ணுக்கு வரும், குழி எங்கே மூடுகிறது என்பதும் தெரியும். வயசான நாயின் காலை உயரத் தூக்காதீர்கள், தரையிலிருந்து இரண்டு விரற்கடை போதும். குளிப்பாட்டிய பிறகு நகம் ஊறி மிருதுவாக இருக்கும், கெட்டியான நகமுள்ள நாய்க்கு அந்த நேரம் நல்லது.

உறுமினால் நிறுத்திவிடுங்கள். உறுமலுக்காக அடித்தால், அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். வீட்டு நாய்தானே என்று கடியை அசட்டையாக விடக் கூடாது. பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள்.

ரத்தம் வந்துவிட்டால்

வரும். எத்தனை கவனமாக இருந்தாலும் ஒருநாள் வரும். எனக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது. வைரன் கையை உதறிக்கொண்டு ஓடியதில், பூப்போட்ட கல்லெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். நல்ல உடல்நிலையில் இருக்கிற நாய்க்கு அது உயிருக்கு ஆபத்தான அளவு அல்ல.

ரத்தத்தை நிறுத்துவதற்கென்றே ஒரு பொடி, நாய்ச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கார்ன்ஃபிளார், அதுவும் இல்லாவிட்டால் மைதா. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி நகநுனியை அதில் அழுத்தி, அப்படியே சில நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நின்றதா என்று அடிக்கடி துடைத்துப் பார்ப்பதுதான் நாம் செய்யும் தப்பு, ஒவ்வொரு துடைப்பிலும் உறைந்தது பெயர்ந்துபோகும். முடிதிருத்தும் கடையில் வெட்டுக்காயத்தில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரத்தைத் தூளாக்கி வைத்தாலும் ரத்தம் கட்டும், ஆனால் எரியும். மஞ்சள்தூளை அப்புவது நம் வழக்கம். ரத்தம் நிறுத்த அதைவிட மாவு மேல், கல்லில் கறையும் படியாது. நின்ற பிறகு சில மணி நேரம் செம்மண்ணில் ஓடவிடாதீர்கள். 20 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலிக்குமே என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுபுரூஃபன் போன்றவை நாய்க்கு விஷம்.

பொடியையோ மாவையோ வெட்ட உட்காரும் முன்பே பக்கத்தில் எடுத்து வையுங்கள். ஒரு கையில் ரத்தம் சொட்டும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடுப்படி டப்பாக்களைத் திறந்து பார்த்த அனுபவம் எனக்கு இருக்கிறது.

நகவெட்டியை எந்த வகையிலும் ஏற்றுக்கொள்ளாத நாய்கள் உண்டு. மின்சாரத்தில் சுழலும் ராவுக் கருவி சிலவற்றுக்குச் சரிப்படும். ஒரே இடத்தில் ஓரிரு விநாடிக்கு மேல் வைத்தால் சூடேறும், சடை நாயின் முடி அதில் சுற்றிக்கொள்ளும், இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது பலகை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு தேக்குப் பலகைத் துண்டு வாங்கிவந்து, அதன்மேல் சொரசொரப்பான உப்புத்தாளை ஒட்டினேன். சாய்த்துவைத்து, அடியில் கோழித்துண்டு இருப்பது போலப் பாவனை செய்தால் வைரன் முன்னங்காலால் பிறாண்டும். பிறாண்டப் பிறாண்டத் தானே தேயும். பின்னங்கால் நகத்துக்கும் கட்டைவிரலுக்கும் இது உதவாது, அதற்கு நகவெட்டிதான். தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தெருவிலும் நடத்திப் போவதும் நகத்தைத் தேய்க்கும். நம் ஊர் வெயிலில் அதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைச் சாலையில் வைத்து உங்களால் சில விநாடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

சில நகங்களை வீட்டில் தொடவே வேண்டாம். அடியோடு பிளந்து தொங்குவது, வீங்கிச் சீழ் வைத்தது, தொட்டாலே கத்துவது, ஒன்றன்பின் ஒன்றாகப் பல நகங்கள் கழன்று விழுவது ஆகியவை நீளப் பிரச்சினை அல்ல, நோய். அவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் பின்னங்கால் பாக்கி இருக்கிறது. ஆச்சி இப்போதெல்லாம் வளவில் முறுக்கு மாவு பிசைந்தபடி, "அந்தப் புள்ளி தெரியுதா பாரு, தெரியுதா பாரு" என்று அங்கிருந்தே மேற்பார்வை செய்கிறார்.